ஐந்தாம் வகுப்பின் பருப்புக் கேள்வி

புதிதாக வேலைக்கு வந்திருக்கும் உங்களில் ஒருவர் போன வாரம் எனக்குப் போன் செய்தார். "மிஸ், அஞ்சாங்கிளாஸுக்கு வெளியிலேருந்து பேப்பர் வருதாம். பசங்கள எப்படி ரெடி பண்றது? ஹெச்.எம். தினமும் கேக்கறாரு" என்றார். பத்து நிமிடம் ஏதேதோ சொன்னேன். காலையில் சாப்பிட்டுவிட்டு வரச் சொல்லுங்கள், ஆளுக்கு இரண்டு பேனா இருக்கட்டும், முதல் நாள் இரவு படிக்க வைக்காதீர்கள் என்கிற மாதிரி. போனை வைத்த பிறகுதான், உண்மையில் சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் விட்டுவிட்டேன் என்று தோன்றியது. அது நான் செய்த ஒரு தப்பு. நன்றாகச் செய்ததைச் சொல்ல எனக்கு எப்போதும் வாய் கூசியதில்லை. இதைச் சொல்லத்தான் கொஞ்சம் தயக்கம். இப்போது ரிட்டயராகிவிட்டேன், இனி யார் வந்து மெமோ கொடுக்கப் போகிறார்கள்? எழுதிவிடுகிறேன்.

நான் கடைசியாக வேலை பார்த்தது அல்சூர் பக்கத்தில் ஒரு தமிழ் மீடியம் பள்ளி. பிள்ளைகள் பெரும்பாலும் மர்பி டவுன் சந்துகளிலிருந்து நடந்து வருவார்கள். வீட்டில் தமிழ், கடையில் கன்னடம், எதிர்வீட்டில் உருது. ஒன்றாம் வகுப்பில் சேரும்போதே மூன்று மொழியிலும் சண்டை போடத் தெரிந்திருக்கும். எனக்கு அந்தப் பாக்கியம் இல்லை. நான் குடியாத்தத்துக்காரி, கல்யாணமாகி பெங்களூர் வந்த பிறகுதான் கன்னட எழுத்தையே பார்த்தேன். ஆனால் வேலைக்காக எழுத வேண்டியிருந்த கன்னடப் பரீட்சையில் முதல் தடவையிலேயே பாஸ். இதை நான் எத்தனை பேரிடம் எத்தனை முறை சொல்லியிருப்பேன் என்று என் வீட்டுக்காரரைக் கேட்டால் கணக்கு சொல்வார்.

அந்த வருடம் ஐந்தாம் வகுப்பில் பத்தொன்பது பேர். வெளியிலிருந்து வினாத்தாள் வரும், வேறு பள்ளி ஆசிரியர் வந்து மேற்பார்வை பார்ப்பார், திருத்துவதும் வேறு யாரோ என்று சொல்லிவிட்டார்கள். பிள்ளைகள் பயப்படவில்லை. நான்தான் பயந்தேன். ஜனவரியிலேயே மாதிரித் தேர்வு ஆரம்பித்து வாரத்துக்கு இரண்டு வைத்தேன். ஹாலில் பேசக்கூடாது, திரும்பக்கூடாது, எழுந்து நிற்கக்கூடாது என்று பழக்கினேன். அதற்காக ஒரு கோஷமே கண்டுபிடித்தேன். நான் "வாய மூடு!" என்பேன், அவர்கள் எல்லோரும் சேர்ந்து "கைய ஓட்டு!" என்பார்கள். பக்கத்து வகுப்புப் பிள்ளைகள்கூட ஜன்னலில் எட்டிப் பார்த்துச் சிரிப்பார்கள்.

பிப்ரவரியில் ஒரு நாள் யுவராஜ் என்ற பையன் எழுதிய தாளைப் பார்த்தேன். "நம் மாநிலப் பறவை எது?" என்ற கேள்விக்கு "வேர், தண்டு, இலை" என்று எழுதியிருந்தான். கூப்பிட்டுக் கேட்டால், "போன வாரம் மொத கேள்விக்கு இதுதானே மிஸ் கரெக்ட் ஆன்சர்?" என்றான். கேள்வியைப் படிக்கவே இல்லை. கை மட்டும் ஓடியிருக்கிறது. அன்றைக்கே எனக்கு உறைத்திருக்க வேண்டும். நானோ ஸ்டாஃப் ரூமில் சொல்லிச் சிரித்துவிட்டு, அவனுக்கு இன்னொரு மாதிரித் தேர்வு கொடுத்தேன்.

அந்த வகுப்பில் என் கோஷத்துக்கு அடங்காதவள் ஒருத்திதான், எஸ்தர். அவளுடைய அப்பா தள்ளுவண்டியில் கீரை விற்பவர். கோலார் தங்கவயலிலிருந்து வந்த குடும்பம். விடிகாலையில் ஹொஸ்கோட்டே பக்கத்து விவசாயிகள் மூட்டையோடு வந்து இறங்கும் இடத்துக்கு, லீவு நாட்களில் இவளும் அப்பாவோடு போவாள். பேரம் பேசுவது அப்பா இல்லை, இவள்தான். அதுவும் கன்னடத்தில். எந்தப் பாடம் எடுத்தாலும் "அது எப்படி மிஸ்?" என்று எழுந்து நிற்பாள். நான் ஒரு நாளைக்குப் பத்துத் தடவையாவது "எஸ்தர், உக்காரு" என்று சொல்லியிருப்பேன்.

பரீட்சையின் இரண்டாம் நாள் சூழ்நிலையியல். மேற்பார்வைக்கு வந்தவர் ஒரு கன்னட மீடியம் பள்ளியின் இளம் ஆசிரியர். பிள்ளைகள் அவரை மேஷ்ட்ரு என்று கூப்பிட்டார்கள், நானும் அப்படியே சொல்கிறேன். அவருக்குத் தமிழ் ஒரு எழுத்துகூடத் தெரியாது. விதி என்றால் விதி. சட்டைப் பையில் ஒரு சின்ன நோட்டு, எதற்கெடுத்தாலும் கடிகாரத்தைப் பார்த்து அதில் மணி குறித்துக்கொள்வார். பத்தரைக்கு அவர் எங்கள் முன்னால் உறையைப் பிரித்தார். உறையின் மேல் 'தமிழ் மீடியம்' என்று முத்திரை குத்தியிருந்தது. உள்ளே இருந்தது முழுக்கக் கன்னடம்.

எங்கள் தலைமையாசிரியர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பின்பக்கமாவது தமிழ் இருக்காதா என்று அவருக்கு ஒரு ஆசை. பிறகு, "நான் போய் சரியான பண்டல வாங்கிட்டு வரேன்" என்று ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு கிளம்பினார். அந்த நேரத்து டிராஃபிக் உங்களுக்குத் தெரியும். நான் கல்வி அலுவலகத்துக்குப் போன் போட்டேன். "காத்திருக்க வேண்டாம் மேடம். நீவே ஓதி ஹேளி, மேனேஜ் மாடி" என்றார் அந்தப் பக்கம் இருந்தவர். நீங்களே படித்துச் சொல்லிச் சமாளித்துக்கொள்ளுங்கள் என்று அர்த்தம்.

மேஷ்ட்ரு சம்மதிக்கவில்லை. "பாடம் எடுத்த டீச்சர் ஹாலுக்குள்ள வரக்கூடாது மேடம்" என்று கன்னடத்தில் சொன்னார். போனை அவரிடமே கொடுத்தேன். பேசினார், சொன்னவரின் பெயரையும் நேரத்தையும் நோட்டில் குறித்துக்கொண்டார். "சரி, கேள்வியை மட்டும் தமிழில் போர்டில் எழுதுங்கள். அதற்கு மேல் ஒரு வார்த்தை கூடாது" என்றார். கேள்விக்குக் கீழேயே பதில் எழுத இடம் விட்ட தாள் அது. எனவே தாளும் பிள்ளைகள் கையில் இருக்கும், என் தமிழும் போர்டில் இருக்கும். கன்னடம் அவர்களுக்கு இரண்டாம் மொழி, எழுத்துக்கூட்டிப் படிப்பார்கள். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். அன்றைக்கு நான் மறந்துவிட்டேன்.

எழுத ஆரம்பித்தபோது எனக்குள் ஒரு குஷி வந்துவிட்டது. பொய் சொல்லவில்லை. இத்தனை வருடம் கற்ற கன்னடம் இன்றைக்கு ஒரு பள்ளியையே காப்பாற்றுகிறது என்று நினைப்பு. ஒரு கண் தாளில், ஒரு கண் கடிகாரத்தில், கை போர்டில். இருபது கேள்விகளையும் எழுதி முடித்துத் திரும்பியபோது மணி பதினொன்று பத்து. மேஷ்ட்ரு குறித்துக்கொண்டார்.

பதினான்காவது கேள்வி மூன்று மதிப்பெண். 'கர்நாடகத்தின் முக்கியமான மூன்று பருப்பு வகைகளை எழுதுக' என்று எழுதியிருந்தேன். தாளில் இருந்த சொல் 'பெளெ'. பெளெ என்றால் பயிர். பேளெ என்றால் பருப்பு. கன்னட எழுத்தில் இரண்டுக்கும் நடுவே ஒரே ஒரு நீட்டல் குறிதான் வித்தியாசம். அந்தக் குறி தாளில் இல்லை, என் கண்ணில் இருந்தது. கர்நாடகத்தின் வடக்குப் பக்கம் துவரை பேர்போனதாயிற்றே, அதைத்தான் கேட்கிறார்கள் என்று மனசு அதுவாகவே ஒரு காரணமும் சொல்லிக்கொண்டது. அவசரத்தில் இருக்கிறவருக்குத் தப்பு தனியாக வராது. கூடவே ஒரு நியாயத்தையும் அழைத்துக்கொண்டு வரும்.

நான் வெளியே போகத் திரும்பினேன். எஸ்தர் எழுந்தாள்.

"மிஸ், பதினாலாவது கேள்வி..."

"உக்காரு."

"இல்ல மிஸ், பேப்பர்ல வேற..."

"எஸ்தர்! வாய மூடு!"

"கைய ஓட்டு!" என்று மற்ற பதினெட்டுப் பேரும் ஒரே குரலில் கத்தினார்கள். பழக்க தோஷம். மேஷ்ட்ரு திடுக்கிட்டுப் போய், "ஏனு மேடம், மந்த்ரவா?" என்றார். இது என்ன மந்திரமா என்று கேட்கிறார். எஸ்தர் உட்கார்ந்துவிட்டாள். நான் வராந்தாவில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, பாட்டில் தண்ணீர் குடித்தேன். நன்றாகச் சமாளித்துவிட்டோம் என்று எனக்கு அவ்வளவு திருப்தி.

ஒரு மணிக்கு இன்னும் கொஞ்சம் இருக்கும்போது மதியச் சாப்பாடு சமைக்கும் அம்மா சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். கன்னடக்காரர், குரல் எப்போதுமே கொஞ்சம் பெரிசு. "மேடம், பேளெ இன்னூ பெந்தில்லா. ஊட்டா ஹத்து நிமிஷ லேட்!" பருப்பு இன்னும் வேகவில்லை, சாப்பாடு பத்து நிமிடம் தாமதமாகும் என்றார்.

ஜன்னல் திறந்திருந்தது. உள்ளேயிருந்து ஒரு குரல் வந்தது.

"மிஸ், அதுதான் பேளெ! பேப்பர்ல இருக்கறது பெளெ!"

வகுப்பே சிரித்துவிட்டது. சமையல்கார அம்மா ஒன்றும் புரியாமல், "நான் என்னம்மா செஞ்சேன்?" என்று என்னைப் பார்த்தார். உள்ளே மேஷ்ட்ரு மேசையைத் தட்டினார். நான் வாசலுக்கு ஓடினேன். அவர் எஸ்தருக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார், நோட்டும் பேனாவும் கையில். ஹாலில் சத்தம் போட்டவள் என்று அவள் பெயரைக் குறிக்கப் போகிறார் என்று தெரிந்தது. ஆனால் அவள் தாளை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்து என்னிடம் காட்டினார்.

"பெளெ என்றுதான் இருக்கிறது. நீங்கள் போர்டில் என்ன எழுதியிருக்கிறீர்கள் மேடம்?"

அந்த நிமிடத்தைப் பற்றித்தான் உங்களுக்கு முக்கியமாகச் சொல்ல வேண்டும். அவருக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. 'பயிர் என்றுதான் எழுதியிருக்கிறேன், அந்தப் பெண் எப்பவுமே இப்படித்தான்' என்று நான் சொன்னால் நம்பியிருப்பார். விஷயம் முடிந்திருக்கும். திருத்துகிறவர்கள் பிள்ளைகள் பயிருக்குப் பதில் பருப்பு எழுதியிருப்பதைப் பார்த்து, 'தமிழ் மீடியத்தில் என்னதான் சொல்லிக் கொடுக்கிறார்கள்' என்று தலையில் அடித்துக்கொள்வார்கள், அவ்வளவுதான். அந்த வாக்கியம் நிஜமாகவே என் நாக்கு நுனி வரை வந்தது. நான் முதல் தடவையே பாஸ் செய்த கன்னடத்தில் எனக்கு நான்கு வார்த்தை கிடைக்கவில்லை.

எஸ்தர் என்னைக் கோபமாகப் பார்த்திருந்தால்கூட நான் அந்தப் பொய்யைச் சொல்லியிருப்பேனோ என்னவோ. அவள் போர்டைப் பார்த்தாள், தாளைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். நான் கண்டுபிடித்துவிடுவேன் என்று காத்திருக்கிற மாதிரி.

"பேளெ அந்த பரெதித்தீனி. தப்பு நந்து" என்றேன் அவரிடம். பருப்பு என்று எழுதிவிட்டேன், தப்பு என்னுடையது.

மேஷ்ட்ரு பேனாவை மூடினார். சிரிப்பை அடக்கிக்கொண்டதை நான் பார்த்தேன். "அப்படியென்றால் அதைப் பிள்ளைகளிடம் சொல்லுங்கள்" என்றார்.

உள்ளே போனேன். "எல்லாரும் பேனாவ கீழ வைங்க. பதினாலாவது கேள்வியில மிஸ் தப்பு பண்ணிட்டேன். பருப்பு இல்ல, பயிர். எஸ்தர் அப்பவே சொன்னா, நான்தான் கேக்கல. எழுதினத அடிச்சுட்டுப் பக்கத்துல எழுதுங்க."

ஒருவரும் அசையவில்லை. முதல் பெஞ்சில் ஒரு குட்டிப் பெண், "நெஜமாவே தப்பா மிஸ்?" என்றாள். அவர்களுக்கு இதுவும் ஏதோ மாதிரித் தேர்வு போல. நெஜமாவே தப்பு என்று மறுபடி சொன்ன பிறகுதான் பேனாக்கள் நகர்ந்தன. யுவராஜ் மட்டும் கையைத் தூக்கினான்.

"மிஸ், துவரம் பருப்புன்னு எழுதிட்டேன். துவரை செடியிலதானே காய்க்குது? அப்ப அதுவும் பயிர்தானே? நான் ஏன் அடிக்கணும்?"

கேள்வியே படிக்காமல் பதில் எழுதிய அதே யுவராஜ்! என்னால் பதில் சொல்ல முடியாது, சொன்னால் விடை சொன்னதாகிவிடும். "உனக்குத் தோணறத எழுதுப்பா" என்றேன். அவன் 'பருப்பு' என்பதை மட்டும் அடித்துவிட்டுத் துவரையை வைத்துக்கொண்டான். மீதி இரண்டுக்கும் விட்டத்தைப் பார்த்து யோசித்தான்.

எஸ்தரின் தாளை மேஷ்ட்ரு அவளிடம் திருப்பிக் கொடுத்தபோது பார்த்தேன். பதினான்காவது கேள்விக்குக் கீழே ஒன்றுமே இல்லை. மற்ற எல்லாவற்றுக்கும் நெருக்கி நெருக்கி எழுதியவள், அங்கே மட்டும் வெள்ளையாக விட்டிருந்தாள்.

"உனக்குத்தான் தெரியுமே, ஏன் எழுதல?"

"பருப்புன்னு எழுதினா பொய் மிஸ். பயிர்னு எழுதினா நீங்க திட்டுவீங்க. அதான் விட்டுட்டேன்."

கோபமில்லை, புகாரும் இல்லை. மழை வந்தது, அதனால் வரவில்லை என்று சொல்கிற மாதிரி சொன்னாள். இரண்டு மாதமாக நான் சொல்லிக் கொடுத்த பாடம் இதுதான் போலிருக்கிறது. பொய்யும் சொல்லாமல் திட்டும் வாங்காமல் இருக்க வேண்டுமென்றால், மூன்று மதிப்பெண்ணை விட்டுவிட வேண்டும். "எழுதும்மா" என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

நேரம் போதுமா என்பதுதான் அடுத்த கவலை. பதினொன்று பத்துக்குத் தொடங்கிய இரண்டு மணி நேரப் பரீட்சை, ஒன்று பத்துக்கு முடிய வேண்டும். விதியே உயிராக இருக்கிற இந்த மனிதரிடம் எப்படிக் கேட்பது என்று நான் தயங்கிக்கொண்டிருக்கும்போது அவரே நோட்டைக் காட்டினார். "கலாட்டா தொடங்கியது பன்னிரண்டு ஐம்பத்திரண்டு. மறுபடி எழுத ஆரம்பித்தது ஐம்பத்தொன்பது. ஏழு நிமிடம். ஒன்று பதினேழுக்குத்தான் தாளை வாங்குவேன். அவர்களுடைய நேரம், அவர்களுக்குத்தான் சேர வேண்டும்." நேரத்தை நொடி தவறாமல் குறிக்கிறவர் மேல் எனக்குக் காலையிலிருந்து இருந்த எரிச்சல் அந்த இடத்தில் போயிற்று. அப்படிப்பட்டவர்கள் ஹாலில் இருக்கட்டும் என்று நீங்களும் வேண்டிக்கொள்ளுங்கள்.

தாள்களை உறையில் போட்டு ஒட்டும்போது தலைமையாசிரியர் வந்து சேர்ந்தார். சட்டை நனைந்து முதுகோடு ஒட்டியிருந்தது. கையில் சரியான தமிழ் பண்டல், பத்திரமாக. நடந்ததை எல்லாம் சொல்லி, இதை ஒரு கடிதமாக எழுதி உறையோடு அனுப்பப் போகிறேன் என்றேன்.

"எதுக்கு மேடம்? பசங்கதான் திருத்தி எழுதிட்டாங்களே. நீங்களா ஏன் போய் மாட்டிக்கிறீங்க? இன்னும் ரெண்டு வருஷம்தான் சர்வீஸ்."

"பதினெட்டு தாள்லயும் ஒரே எடத்துல அடிச்சு எழுதியிருக்கு சார். பாக்கறவங்க நான் ஆன்சர் சொல்லிக் கொடுத்தேன்னு நெனப்பாங்க. பழி பசங்க மேல விழும்."

அவர் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "எழுதுங்க. கீழ நானும் கையெழுத்துப் போடறேன்" என்றார். மேஷ்ட்ரு தன் நோட்டைப் பார்த்துப் பார்த்து மணிக்கணக்கைச் சொன்னார். மூன்று பேரும் கையெழுத்துப் போட்டோம்.

விளக்கம் கேட்டு எனக்கு நோட்டீஸ் வந்தது உண்மைதான். உள்ளதை அப்படியே எழுதிப் பதில் கொடுத்தேன், அதற்குப் பிறகு ஒன்றும் வரவில்லை. திருத்திய தாள்களைப் பெற்றோருக்குக் காட்ட அனுப்பியபோது முதலில் பதினான்காவது கேள்வியைத்தான் புரட்டினேன். அடித்ததற்காக யாருக்கும் மதிப்பெண் குறைக்கவில்லை. யுவராஜின் துவரைக்கும் ஒரு டிக் விழுந்திருந்தது. அவன் அந்தத் தாளை வகுப்பு முழுக்கக் கொண்டுபோய்க் காட்டினான்.

பிள்ளைகளைத் தயார் செய்வது எப்படி என்று கேட்டீர்களே. மாதிரித் தேர்வு வையுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் 'மிஸ், இது தப்பா இருக்கு' என்று எழுந்து நிற்கிற பழக்கத்தைப் பரீட்சையின் பெயரால் பிடுங்கிவிடாதீர்கள். மார்ச் முடிந்தால் பரீட்சை போய்விடும். அந்தப் பழக்கத்தைத் திரும்ப நட்டு வளர்க்க உங்களுக்கு இன்னொரு வருடம் கிடைக்காது. இன்னொன்று, நெருக்கடியில் உங்கள் குரல் உயர்கிறது என்றால், அந்தக் குரலுக்குக் கீழே யாரோ ஏதோ சொல்லிக்கொண்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். முதலில் அதைக் கேளுங்கள்.

மறுநாள் கணக்கு. காலையில் கேட்டருகே பத்தொன்பது பேரையும் நிறுத்தி, "நேத்து வரைக்கும் மிஸ் சொன்ன கோஷத்த மறந்துடுங்க. கேள்வியில சந்தேகம் வந்தா கைய தூக்குங்க. ஹால்ல இருக்கறவரு கேப்பாரு" என்றேன். பக்கத்தில் நின்ற மேஷ்ட்ருவுக்கு அதைக் கன்னடத்தில் சொன்னேன். தலையாட்டினார். அன்றைக்குச் சரியான தமிழ்த் தாள் வந்திருந்தது. நான் வராந்தாவில் உட்கார்ந்திருந்தேன்.

அரை மணி ஆகியிருக்கும். மேஷ்ட்ரு ஒரு தாளோடு வாசலுக்கு வந்தார்.

"மேடம், அந்தப் பெண் ஏழாவது கேள்வியில் தப்பு இருக்கிறது என்கிறாள். எனக்கு இதில் ஒரு எழுத்தும் தெரியாது. ஆனால் அவள் சொல்கிறாள் என்றால் பார்த்துவிட வேண்டியதுதானே?"

உள்ளே எஸ்தர் நின்றுகொண்டிருந்தாள். "அறுபது மாம்பழத்துல அறுபத்திநாலு எப்படி மிஸ் விக்க முடியும்?"

படித்தேன். ஒரு பெட்டிக்குப் பன்னிரண்டு மாம்பழம், ஆறு பெட்டி, அதில் அறுபத்திநான்கு விற்றது, மீதி எவ்வளவு என்று கேட்டிருந்தது. இரண்டு தடவை படித்தேன். பிறகு சந்தேகத்துக்கு ஒரு தடவை எழுத்துக்கூட்டிப் படித்தேன். கேள்வியில் ஒரு தப்பும் இல்லை. அவள்தான் ஆறை ஐந்து என்று படித்திருந்தாள்.

"கேள்வி சரியாத்தாம்மா இருக்கு. இன்னொரு தடவ நிதானமா படி."

அவள் தாளை வாங்கிக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோனாள். உதடு அசைந்தது. நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"அய்யோ, சாரி மிஸ்!"

"பரவால்ல. மறுபடி சந்தேகம் வந்தா மறுபடி கேளு" என்றேன்.

மேஷ்ட்ரு கடிகாரத்தைப் பார்த்தார். நோட்டைத் திறந்து, எஸ்தருக்கு இரண்டு நிமிடம் சேர்த்து எழுதிக்கொண்டார்.